கல்லூரி மாறும் சாஃப்ட்பால் ஆட்டக்காரர்: குண்டலுபேட்டை முச்சந்தியிலிருந்து

கல்லூரி சாஃப்ட்பாலில் இடமாற்றம் இரண்டு வகைப்படும். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் ஒரு கல்லூரியை விட்டு இன்னொரு கல்லூரியில் சேர்வது ஒன்று. பல்கலைக்கழகத்தையே விட்டு வேறொன்றுக்குப் போவது மற்றொன்று. முதல் வகையில் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் போடும் பனியன் மட்டும் மாறும். பல்கலைக்கழக அணிக்கான வழி முன்போலவே இருக்கும். இரண்டாம் வகையில் அணி, பாடத்திட்டம், பதிவு எண், விளையாட்டுச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி என்று எல்லாமே மாறிவிடும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தூரத்தை வைத்துக் கணிக்க முடியாது. அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போயும் அதே பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். ஒரே ஊரில் இரண்டு தெரு தாண்டியதும் வேறு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிடலாம்.

இதைப் புரிந்துகொள்ளக் குண்டலுபேட்டையைவிட நல்ல ஊர் கிடைப்பது அரிது. மைசூரிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள இந்தத் தாலுகா தலைநகரில்தான் சாலை பிரிகிறது. தேசிய நெடுஞ்சாலை 766 சுல்தான் பத்தேரி, கல்பற்றா வழியாகக் கோழிக்கோட்டுக்குப் போகிறது. தேசிய நெடுஞ்சாலை 181 பந்திப்பூர், முதுமலை, கூடலூர், ஊட்டி என்று ஏறி இறங்கிக் கோவைக்குப் போகிறது. வடக்கே போனால் நஞ்சன்கூடு, மைசூர். கல்லூரி மாற நினைக்கும் ஒரு மாணவிக்கு இந்த முச்சந்தியில் மூன்று மாநிலங்கள் மட்டுமல்ல, மூன்று பல்கலைக்கழக எல்லைகளும் தொடங்குகின்றன. கூடலூர், ஊட்டிக் கல்லூரிகள் 1982-ல் தொடங்கிய கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. பத்தேரிக் கல்லூரிகள் 1968-ல் தொடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. அதே வயநாட்டில் மானந்தவாடி தாலுகா மட்டும் கண்ணூர் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இருக்கிறது. ஆகவே 'வயநாட்டில் ஒரு காலேஜ்' என்று பொதுவாகச் சொல்லிக்கொண்டு விண்ணப்பித்தால் எந்தப் பல்கலைக்கழக அணிக்கு ஆடப்போகிறோம் என்பதே தெரியாமல் போகும்.

வடக்குப் பக்கம் இன்னும் சிக்கலானது. குண்டலுபேட்டை 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அந்த ஆண்டு பிரிக்கப்பட்ட சாமராஜநகர் மாவட்டத்தோடு சேர்ந்தது. கல்லூரிகள் மட்டும் அதன் பிறகும் நெடுங்காலம் மைசூர் பல்கலைக்கழகத்தோடேயே இணைந்திருந்தன. 1916-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் மதிப்பெண் அட்டையில் இருந்தவரை, குண்டலுபேட்டை மாணவியும் மைசூர் நகர மாணவியும் ஒரே அணிக்காகப் போட்டியிட்டார்கள். கர்நாடக அரசு சில ஆண்டுகளுக்கு முன் பல மாவட்டங்களில் புதிய பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது சாமராஜநகருக்கும் ஒன்று கிடைத்தது. மைசூர் பல்கலைக்கழகத்தின் முதுகலை மையமாக இருந்ததே தனிப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மாவட்டத்துக் கல்லூரிகள் அதன் கீழ் வந்தன. யாரும் பெட்டி கட்டவில்லை, விடுதியைக் காலி செய்யவில்லை. ஆனாலும் ஒரு மாவட்டத்து ஆட்டக்காரர்களுக்கு எல்லாம் ஒரே ஆணையில் இடமாற்றம் நடந்துவிட்டது. 2025 பிப்ரவரியில், பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டிப் புதிய பல்கலைக்கழகங்களில் பலவற்றை மூடித் தாய்ப் பல்கலைக்கழகங்களோடு சேர்க்கும் யோசனை அரசு மட்டத்தில் எழுந்து பெரிய விவாதமானது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரே கல்லூரியில் மூத்தவர் ஒரு பல்கலைக்கழகப் பெயரிலும் இளையவர் இன்னொரு பெயரிலும் படிக்க நேரலாம். எனவே மாற்றத்தைப் பற்றி யோசிக்கும் எவரும் முதலில் பார்க்க வேண்டியது கல்லூரி வாசலில் உள்ள பலகையை அல்ல, தன் கடைசி மதிப்பெண் அட்டையின் தலைப்பை.

மைசூர் நகரத்துக்குள்ளும் இதே எச்சரிக்கை தேவை. மகாராஜா கல்லூரியும் யுவராஜா கல்லூரியும் மைசூர் பல்கலைக்கழகத்தின் சொந்தக் கல்லூரிகள். தன்னாட்சி பெற்ற கல்லூரியானாலும் பட்டம் தருவது தாய்ப் பல்கலைக்கழகமே என்பதால், அங்கே சேர்பவர் அந்தப் பல்கலைக்கழக அணிக்கே ஆடுவார். பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை பெலகாவியில் தலைமையகம் உள்ள விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ளவை. ஜே.எஸ்.எஸ். உயர்கல்வி நிறுவனமும் அம்ரிதாவின் மைசூர் வளாகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகக் கணக்கில் வருகின்றன. அவை தங்கள் பெயரிலேயே அணி அனுப்பும் உரிமை உள்ளவை. கர்நாடக மாநிலத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் மைசூரில்தான் இருக்கிறது. வேலை கிடைத்ததும் படிப்பைத் தொலைநிலைக்கு மாற்றிக்கொள்வது பலருக்கு வசதி. ஆட்டத்தைப் பொறுத்தவரை அது முற்றுப்புள்ளி.

ஏன் முற்றுப்புள்ளி என்பதற்கு இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கத்தின் விதிகளைப் பார்க்க வேண்டும். 1925-ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கிய இந்தச் சங்கம்தான், ஏ.ஐ.யு. என்ற சுருக்கப் பெயரில், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான சாஃப்ட்பால் போட்டியை ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே நடத்துகிறது. போட்டியை ஏற்று நடத்தும் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். குறைந்தது ஒரு கல்வியாண்டு நீளும் படிப்பில் முழுநேர மாணவராக இருப்பவர்தான் ஆடலாம். அஞ்சல்வழி, தொலைநிலை மாணவர்களுக்கும் முழுநேர வேலையில் இருப்பவர்களுக்கும் இடமில்லை. கல்வியாண்டின் ஜூலை 1-ஆம் தேதியை வைத்து வயது கணக்கிடப்படும்; 25 என்பது மேல் எல்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து எத்தனை ஆண்டு கழிந்தது என்பதற்கும் ஒரு வரம்பு உண்டு.

இடம் மாறுபவரை நேரடியாகத் தொடும் விதிகள் இரண்டு. ஒரே கல்வியாண்டில் ஒருவர் இரண்டு பல்கலைக்கழகங்களுக்காக ஆட முடியாது. தற்காலிகச் சேர்க்கையில் இருப்பவர் ஆடத் தகுதியற்றவர். முதல் விதியை எல்லோரும் அறிவார்கள். தடுக்கி விழுவது இரண்டாவதில்தான். புதிய கல்லூரியில் கட்டணம் கட்டியாயிற்று, அடையாள அட்டை கிடைத்தாயிற்று, காலையில் பயிற்சிக்கும் போகிறார். ஆனால் பழைய பல்கலைக்கழகத்தின் இடம்பெயர்வுச் சான்றிதழ், வழக்கில் 'மைக்ரேஷன்' எனப்படுவது, இன்னும் வந்து சேரவில்லை என்றால் சேர்க்கை உறுதியாவதில்லை. அப்படிப்பட்டவர் பெயர் தகுதிப் பட்டியலில் ஏறினால், எதிரணி எழுதிக் கொடுக்கும் ஒரு ஆட்சேபம் அவரை மட்டுமல்ல, கூட ஆடிய அனைவரையும் சேர்த்து வெளியேற்றக் காரணமாகலாம். மற்றவரின் ஒரு வருட உழைப்பையும் தன் காகிதத்தின் மேல் அடகு வைப்பது நியாயமல்ல; காகிதம் முழுமையாகும்வரை பயிற்சியோடு நிற்பதே சரி.

மாறுவது ஏன்

சாஃப்ட்பால் ஆட்டக்காரர் கல்லூரி மாற நினைப்பதற்குப் பெரும்பாலும் ஆட்டத்தின் அமைப்பே காரணம். களத்தில் ஒன்பது பேர் வேண்டும். மாற்று ஆட்களோடு சேர்த்தால் பதினைந்து பேர் இல்லாமல் ஒரு அணியை ஓட்ட முடியாது. கபடிக்கோ கைப்பந்துக்கோ ஆள் திரட்டுவதுபோல ஒரு தாலுகா ஊர்க் கல்லூரியில் இத்தனை பேரைத் திரட்டுவது எளிதல்ல. கையுறை, மட்டை, கேட்ச்சரின் முகக்கவசம், மார்புக்கவசம், முழங்கால் கவசம் என்று செலவும் அதிகம். இந்தச் சரக்குகளில் பெரும்பகுதி மீரட், ஜலந்தர் பட்டறைகளிலிருந்து வருவது. ஒரு கையுறை கிழிந்தால் உள்ளூர்ச் செருப்புத் தைப்பவரிடம்தான் போக வேண்டியிருக்கும். பள்ளியில் மாவட்ட அணிவரை ஆடிவிட்டு வந்த மாணவி, கல்லூரியில் அணியே இல்லை என்று அறியும்போது முதல் ஆண்டின் பாதி முடிந்திருக்கும்.

இன்னொரு காரணம் பிட்சர். மட்டையடிப்பவரும் களத்தடுப்பவரும் இடம் மாற்றி மாற்றி ஆடிச் சமாளிக்கலாம். பிட்சருக்கு அந்த வசதி இல்லை. பெண்கள் ஆட்டத்தில் பந்தெறியும் தட்டிலிருந்து ஹோம் பிளேட் 43 அடி, அதாவது 13.11 மீட்டர், ஆண்களுக்கு 46 அடி. கையை முழு வட்டமாகச் சுழற்றி இடுப்புக்கருகே பந்தை விடும் அந்த வீச்சு, மட்டையடிப்பவருக்கு யோசிக்கவே நேரம் தராது. நல்ல பிட்சர் ஒருத்தி இருந்தால் ஏழு இன்னிங்ஸும் அவளே வீசிவிடுவாள். ஆகவே ஒரே கல்லூரியில் இரண்டு நல்ல பிட்சர்கள் இருந்தால் ஒருத்தி ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். இப்படி உட்கார்ந்திருப்பவர் மாற நினைப்பதில் தவறில்லை. மாறும் முன் போகும் கல்லூரியில் யார் வீசுகிறார், எந்த ஆண்டில் படிக்கிறார் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். இறுதியாண்டு மாணவி என்றால் அடுத்த ஜூனில் இடம் காலியாகும்; முதலாண்டு மாணவி என்றால் ஒரு பெஞ்சை விட்டு இன்னொரு பெஞ்சுக்குப் போவதாகவே முடியும்.

சில கல்லூரிகள் விளையாட்டு வீரர்களுக்குக் கட்டணச் சலுகை தருகின்றன. சில விடுதியும் சாப்பாடும் சேர்த்துத் தத்தெடுக்கின்றன. தென்கன்னட மாவட்டத்து மூடபித்ரியில் உள்ள ஆள்வாஸ் கல்லூரி இதற்குப் பெயர்பெற்றது. இத்தகைய அழைப்பு வரும்போது கேட்டுத் தெளிய வேண்டியவை சில. சலுகை ஒரு ஆண்டுக்கா, படிப்பு முடியும்வரையா? காயம்பட்டு ஒரு பருவம் ஆடாவிட்டால் தொடருமா? தேர்வில் ஒரு தாள் தவறினால் என்ன ஆகும்? இடையில் விலகினால் அதுவரை தள்ளுபடி செய்த தொகையைத் திருப்பிக் கேட்பார்களா? வாய்வழி உறுதிக்கு அலுவலகத்தில் மதிப்பில்லை. பயிற்சியாளர் நல்லவராகவே இருப்பார். அவரும் வேறு கல்லூரிக்கு மாறிப் போகக்கூடியவர்தான். எழுத்தில் முதல்வரின் கையெழுத்தோடு உள்ளதே கணக்கு.

பயிற்சியாளரோடு சேர்ந்தே மாணவிகள் இடம்பெயர்வதும் நடக்கிறது. அது ஆட்டத்துக்கு நல்லதாக இருக்கலாம். மூன்றாம் ஆண்டுப் பாடத்துக்கு நல்லதாக இருப்பது அபூர்வம்.

காகிதங்களின் வரிசை

மாற்றம் முடிவானதும் முதல் வேலை பழைய கல்லூரியில் நிலுவையின்மைச் சான்று வாங்குவது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு நூலகம், ஆய்வகம், விடுதி, கட்டணப் பிரிவு என்று ஒவ்வொரு மேசையாகக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆட்டக்காரர்களின் தாள் நின்றுபோகும் இடம் உடற்கல்வித் துறை. கல்லூரிக் கையிருப்புப் பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே 'கையுறை 1, சீருடை 1' என்று இரண்டு ஆண்டுக்கு முன் எழுதியது அப்படியே இருக்கும். கையுறை ஒரு போட்டியின்போது தோழி கைக்குப் போய், அவர் படிப்பை முடித்து ஊருக்கே போயிருப்பார். பொருளைத் தேடிக் கொண்டுவருவது அல்லது அதன் விலையைக் கட்டி ரசீது வாங்குவது என்ற இரண்டில் ஒன்றுதான் வழி. விலகும் முன் அல்ல, ஒவ்வொரு ஆண்டுப் போட்டி முடிந்ததும் பொருளை ஒப்படைத்துப் பதிவேட்டில் கோடு போடச் சொல்வது இந்த அலைச்சலைத் தவிர்க்கும்.

அடுத்தது மாற்றுச் சான்றிதழ். தமிழ்நாட்டில் டி.சி. என்றால் எல்லா அலுவலகத்திலும் புரியும். குண்டலுபேட்டையில் அதன் கன்னடப் பெயர் வர்காவணெ பத்ர. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி ஆகியவை பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்பதை அலுவலகப் படி இறங்கும் முன்பே சரிபார்க்க வேண்டும். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு தனிச் சிக்கல் உண்டு: ஒரு சான்றிதழில் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் தந்தையின் முழுப்பெயர். பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும்போது வயதுக்கு ஆதாரமாகப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான் பார்ப்பார்கள்; அதோடு பொருந்தாத பெயரைக் கண்டால் தகுதிப் படிவம் திரும்பி வரும்.

ஒரே பல்கலைக்கழகத்துக்குள் மாறுபவருக்கு இதற்கு மேல் இரண்டு முதல்வர்களின் தடையில்லாச் சான்றும் பல்கலைக்கழகத்தின் அனுமதியும் போதும். பொதுவாகக் கல்வியாண்டின் தொடக்கத்தில், அதாவது மூன்றாம் பருவத்துக்கோ ஐந்தாம் பருவத்துக்கோ முன்பு, இந்த அனுமதி கிடைக்கும். நடுப்பருவத்தில் கேட்பது வீண். கர்நாடகத்தில் சேர்க்கை முதல் தேர்வுவரை எல்லாம் யு.யு.சி.எம்.எஸ். என்ற ஒருங்கிணைந்த கணினி அமைப்பில் பதிவாகின்றன. மாற்றம் அதிலும் ஏறியிருக்க வேண்டும். முதல்வர் ஒப்புக்கொண்டு, கணினி ஒப்புக்கொள்ளாவிட்டால் தேர்வு நுழைவுச்சீட்டு பழைய கல்லூரியின் பெயரில்தான் வரும்.

பல்கலைக்கழகம் தாண்டுபவருக்கு இடம்பெயர்வுச் சான்றிதழும், போகும் பல்கலைக்கழகம் தரும் தகுதிச் சான்றும் கூடுதலாக வேண்டும். இடம்பெயர்வுச் சான்றிதழைக் கல்லூரி தராது; பல்கலைக்கழகமே தரும். விண்ணப்பத்தோடு மாற்றுச் சான்றிதழையும் மதிப்பெண் அட்டைகளையும் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் ஒவ்வொன்றிலும் குறைந்தது நான்கு நகல்கள் எடுத்து ஒப்பமிட்டு வைத்துக்கொள்வது நல்லது. அசல்கள் ஒருமுறை கைவிட்டுப் போனால் எப்போது திரும்பும் என்பது அந்தந்த அலுவலகத்தின் வேகத்தைப் பொறுத்தது.

பணம் பற்றி ஒரு சொல். சேர்ந்த சில நாள்களிலேயே மனம் மாறி விலகுபவருக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிக்கை துணை நிற்கிறது. அதன்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன்பே விலகினால் முழுக் கட்டணம், அந்த 15 நாளுக்குள் விலகினால் 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம் திரும்பக் கிடைக்க வேண்டும். 30 நாள் தாண்டினால் ஒன்றும் இல்லை. பிற்பாடு சில ஆண்டுகளுக்குக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளையும் அறிவித்திருக்கிறது. எனவே அந்தந்த ஆண்டின் அறிவிப்பையும் பார்க்க வேண்டும். மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைத்துக்கொள்ளக் கூடாது என்றும் அதே அறிவிக்கை சொல்கிறது. 'நல்ல ஆட்டக்காரரை விட முடியாது' என்று டி.சி.யைப் பூட்டிவைக்கும் பழக்கத்துக்கு இது பதில். சண்டைக்குப் போகும் முன், இந்த அறிவிக்கையின் நகலை இணைத்துப் பணிவாக எழுதிய ஒரு கடிதமே பல இடங்களில் வேலையை முடித்துவிடும்.

பாடம் பொருந்துமா

ஆட்டத்தை நினைத்து மாறுபவர்கள் கடைசியாக யோசிப்பதும் முதலில் மாட்டிக்கொள்வதும் இதில்தான். குண்டலுபேட்டையைச் சுற்றி உள்ள மூன்று மாநிலங்களும் இளநிலைப் பட்டத்தை மூன்று விதமாக நடத்துகின்றன. தமிழ்நாட்டில் மூன்றாண்டுப் பட்டமே தொடர்கிறது. கேரளத்தில் 2024 ஜூலையில் நான்காண்டுப் பட்டம் தொடங்கிற்று. கர்நாடகம் 2021-22-ல் நான்காண்டு முறைக்குப் போய், 2024-25-ல் மூன்றாண்டுக்கே திரும்பியது. ஆகவே ஒரே பாடத்தைப் படித்த இரண்டு மாணவிகளின் இரண்டாமாண்டு முடிவில் தகுதிப்புள்ளிகள் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. தகுதிப்புள்ளிகளைச் சேமிக்கும் தேசிய வங்கி 2021-ல் வந்துவிட்டது. ஆனாலும் எந்தத் தாளை எந்தத் தாளுக்கு ஈடாக ஏற்பது என்பதைப் போகும் பல்கலைக்கழகத்தின் பாடக்குழுவே சொல்லும்.

மொழித்தாள் தனித் தலைவலி. தமிழ்நாட்டில் பகுதி 1-இல் தமிழ் எடுத்தவர் கர்நாடகத்துக்கு வந்தால் அங்கே தமிழ் கற்பிக்கும் கல்லூரியா என்று பார்க்க வேண்டும். இல்லையெனில் இந்தியோ சமஸ்கிருதமோ வேறு மொழியோ எடுத்து விட்டுப்போன பருவங்களையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கலாம். கன்னடம் படித்துவிட்டுக் கூடலூருக்கோ ஊட்டிக்கோ போகும் மாணவிக்கு இதே கதை தலைகீழாக நடக்கும். விட்டுப்போன தாள்களைச் சேர்த்துத் தேர்வு எழுதும் பருவமும் பல்கலைக்கழகப் போட்டி நடக்கும் பருவமும் பெரும்பாலும் ஒன்றாகவே வந்து நிற்கும். இரண்டையும் சமாளிக்க முடியாது என்று தோன்றினால், பட்டத்தை இருக்கும் இடத்திலேயே முடித்துவிட்டு அடுத்த படிப்புக்கு மாறுவது நல்ல உத்தி. முதுகலைக்கோ இரண்டாண்டு உடற்கல்விப் பட்டப் படிப்புக்கோ போகும்போது ஈடுகட்டும் சிக்கல் இல்லை. 25 வயதுக்குள் அங்கே இரண்டு பருவங்கள் ஆடவும் கிடைக்கும். சாஃப்ட்பாலில் பெரும்பாலோர் இந்த வழியில்தான் பல்கலைக்கழகம் மாறுகிறார்கள். அதை யாரும் இடமாற்றம் என்று சொல்வதில்லை, அவ்வளவே.

படிவம் 3

மத்திய அரசு வேலைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்குத் தகுதியான ஆட்டங்களில் சாஃப்ட்பாலும் ஒன்று. அந்த ஒதுக்கீட்டுக்குத் தனித்தனிப் படிவங்கள் உண்டு: சர்வதேச ஆட்டத்துக்கு 1, தேசிய ஆட்டத்துக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான ஆட்டத்துக்கு 3, பள்ளி ஆட்டத்துக்கு 4. படிவம் 3-இல் கையெழுத்திட வேண்டியவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரோ இயக்குநரோ. போட்டி நடத்திய இடத்தில் கொடுக்கும் அழகிய பங்கேற்புச் சான்றிதழ் வேறு, இந்தப் படிவம் வேறு. மாணவி பல்கலைக்கழகத்தை விட்டுப் போன பிறகு, பழைய இயக்குநரும் ஓய்வு பெற்றுவிட்டால், புதியவர் பதிவேட்டில் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் கையெழுத்திட வேண்டும். பெயர்ப் பட்டியலின் நகல், ஆட்ட எண்ணிக்கைத் தாள், பங்கேற்புச் சான்றிதழ் மூன்றையும் எடுத்துக்கொண்டு, மாற்றுச் சான்றிதழ் கேட்கும் அன்றே படிவம் 3-ஐயும் முடித்துவிட வேண்டும். தமிழ்நாட்டு அரசு வேலைகளிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கர்நாடகத்தில் ஆடியவர் பிறகு தமிழ்நாட்டில் விண்ணப்பிக்கும்போது இந்தக் காகிதங்களே பேசும்.

அமெரிக்காவில்

உறவினர் பிள்ளைகள் அமெரிக்காவில் ஆடுவதைக் கேள்விப்பட்டு அதே முறை இங்கும் உண்டென்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அங்கே கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2018 அக்டோபர் 15-இல் இடமாற்றப் பதிவகத்தைத் திறந்தது. மாற விரும்புபவர் தன் கல்லூரியிடம் சொன்னால் கல்லூரி அவர் பெயரைக் கணினியில் ஏற்றும். பிறகு எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் அவரோடு பேசலாம். பதிவகம் வருவதற்கு முன் பழைய கல்லூரி அனுமதிக்காமல் வேறு பயிற்சியாளர் பேசவே முடியாமல் இருந்தது. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பால் போன்ற சில ஆட்டங்களில் மாறியவர் ஓராண்டு ஒதுங்கியிருக்க வேண்டும் என்ற விதி 2021 வரை இருந்தது. சாஃப்ட்பாலுக்கு அந்தக் கெடுபிடி இல்லை. ஒருமுறை மாறுபவர் உடனே ஆடலாம். 2024 முதல், படிப்பில் தகுதி குறையாதவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டிலிருந்து டெக்சஸ் டெக்குக்கு மாறிய பிட்சர் நைஜாரி கேனடிக்குப் பத்து லட்சம் டாலருக்கும் மேலான விளம்பர ஒப்பந்தம் கிடைத்தது. 2025-இல் அவர் வீச்சில் அந்தக் கல்லூரி தேசிய இறுதி ஆட்டம்வரை போய் டெக்சஸ் பல்கலைக்கழகத்திடம் தோற்றது. ஒரு பிட்சர் இடம் மாறினால் அணியின் தலையெழுத்தே மாறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இந்தியாவில் பதிவகமும் இல்லை, விளம்பரப் பணமும் இல்லை. பயிற்சியாளரின் தொலைபேசி அழைப்பும், மேலே சொன்ன காகிதங்களுமே இங்குள்ள பதிவகம்.

நாள்காட்டியும் சாலையும்

கல்லூரிகளுக்கு இடையிலான ஆட்டங்கள் பெரும்பாலும் கல்வியாண்டின் முதற்பாதியில் முடிந்துவிடும். அவற்றை வைத்தே பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு நடக்கும். அகில இந்தியப் போட்டிகள் அதன்பின், மார்ச்சுக்குள் வரும். ஜூன், ஜூலையில் சான்றிதழ்களை முடித்துச் சேர்ந்தவர்தான் அந்த ஆண்டே ஆட முடியும். ஆகஸ்டில் டி.சி. கேட்கத் தொடங்குபவர் அந்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த ஆண்டுக்குத் திட்டமிட வேண்டும். புதிய கல்லூரியில் அணி இல்லாவிட்டாலும் சில பல்கலைக்கழகங்கள் தனியாள்களைத் தேர்வு ஆட்டத்துக்கு அழைப்பதுண்டு; முதல் வாரத்திலேயே உடற்கல்வி இயக்குநரைப் பார்த்து, முன்பு ஆடிய இடம், வீசும் கை, மட்டை பிடிக்கும் பக்கம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்துப் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.

குண்டலுபேட்டையிலிருந்து கூடலூருக்கோ பத்தேரிக்கோ மாறுபவருக்குச் சாலையும் ஒரு நிபந்தனை போடுகிறது. பந்திப்பூர்க் காட்டுக்குள் போகும் இரண்டு நெடுஞ்சாலைகளும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடியிருக்கின்றன. குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் அவசர ஊர்திகளுக்கும் மட்டும் வழி உண்டு. காலை ஆறரை மணிப் பயிற்சிக்கு வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற கணக்கு இந்தச் சாலையில் செல்லாது. மாலை ஆட்டம் நீண்டு கடைசிப் பேருந்து தவறினால் சோதனைச் சாவடியில் விடியும்வரை காத்திருக்க வேண்டும். மைசூர்ப் பக்கம் போகிறவருக்கு இந்தத் தடை இல்லை. அதிகாலைப் பேருந்தில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நகரம் வந்துவிடும். காட்டைத் தாண்டி மாறுபவர் விடுதி இடத்தைச் சேர்க்கைக்கு முன்பே எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.